கதிர்க்குருவி வராத பங்குனி

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. அலாரம் அடிக்கும் முன்பே விழித்துக்கொண்டேன். வாசல் கதவின் கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவி, பாலை அடுப்பில் வைத்தேன். அது காய்வதற்குள் பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தேன். மனைவிக்கு வாரத்தில் இந்த ஒரு நாள்தான் நிதானமான தூக்கம். அவளுடைய காபியைப் பிளாஸ்கில் ஊற்றி மேசைமேல் வைத்தேன். டைரியில் தேதியிட்டு, "வானம் தெளிவு. காற்று இல்லை. இரவு முழுவதும் புழுக்கம்" என்று எழுதினேன். பைனாகுலரின் கண்ணாடிகளைப் பருத்தித் துணியால் துடைத்து, பென்சிலைச் சீவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பருத்திப்பட்டில் எங்கள் அடுக்ககத்திலிருந்து ஏரிப் பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். ஏரியைச் சுற்றி நடைபாதை. அதன் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரங்கள். ஞாயிறுதோறும் அந்தப் பாதையில் நானும் அண்ணனும் பறவை பார்க்கிறோம். அண்ணன் எனக்கு உறவில்லை. பூங்காவுக்குப் பின் தெருவில் சொந்த வீடு. பிறந்து வளர்ந்ததும் இங்கேயேதான். ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில், என்ஜின்களை ஓட்டிச் சோதிக்கும் கொட்டகையில் வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். அவர் என்னை ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

எங்களுக்குள் ஒரு வேலைப் பிரிவினை உண்டு. தண்ணீர் என்னுடையது, மரம் அவருடையது. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்து வாத்துகளையும் உள்ளான்களையும் எண்ணுவேன். அவர் மரப்பக்கம் நடந்தபடி காதால் கேட்டுச் சொல்லுவார். அவர் பைனாகுலர் வாங்கியதே இல்லை. இலைக்குள் இருக்கும் பறவையைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வது வீண் வேலை என்பார். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பார். "மேல செம்போத்து. அந்தாண்ட ரெண்டு மாங்குயிலு. ஒண்ணு பொட்டை" என்பார். நான் எழுதிக்கொள்வேன். அவர் பக்கத்தில் நான் தலையிடுவதில்லை, என் பக்கத்தில் அவரும் தலையிடுவதில்லை. ஆரம்பத்தில் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு, நாளாக நாளாக மரியாதையாக மாறிவிட்டது.

இந்தக் காது அவருக்குப் பறவைக்காக வந்தது இல்லை. கொட்டகையில் ஓடும் என்ஜினுக்குப் பக்கத்தில் நின்று, எந்த வால்வு தட்டுகிறது, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவாராம். மேலதிகாரிகள் அவரைக் கூப்பிட்டனுப்புவார்களாம். காதை மூடும் கவசம் கொடுத்திருந்தார்கள். அதை அவர் கழுத்தில் மாட்டிக்கொள்வதோடு சரி. "அத்த காதுல வெச்சிகினா எஞ்சின் பேசறது எப்டி கேக்கும்?" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அதைப் பெருமையாகத்தான் சொல்லுவார்.

பங்குனி பிறந்தால் எங்களுக்கு வருடத்தின் முக்கியமான நாட்கள். குளிர்காலத்துக்கு வந்த பறவைகள் வடக்கே திரும்பும் நேரம் அது. ஊசிவால் வாத்துகள் நேற்று இருந்தன, இன்று இல்லை என்று ஆகும். தகைவிலான்கள் கம்பியில் நெருக்கி உட்கார்ந்து, ஒரு காலையில் மொத்தமாகக் காணாமல் போகும். தெற்கே இருந்து மேலே போகிற சில பறவைகள் ஒரே ஒரு நாள் நம் மரத்தில் தங்கிவிட்டுப் போகும். அன்றைக்குப் பார்க்காவிட்டால் அடுத்த வருடம்தான்.

அண்ணனுக்கு இவற்றில் பிரியமானது கதிர்க்குருவி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இலையின் நிறம், கண்ணுக்கு மேலே வெளிறிய ஒரு கோடு. இமயமலையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து, குளிர்காலம் முழுக்க நம் மரங்களில் புழு பொறுக்கிவிட்டுத் திரும்பிப் போகும். கண்ணால் பார்ப்பது கஷ்டம். ஆனால் விடாமல் குரல் கொடுக்கும். கூர்மையாக, இரண்டு அசையாக. அந்தக் குரலை வைத்துத்தான் அவர் அதை எண்ணுவார். "தம்மாத்தூண்டு ஒடம்பு. மலைய தாண்டி வருது பாரு. நம்பளால அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு பஸ் மாறி போவ முடியல" என்பார்.

போன வருடம் பங்குனி முடியும்வரை அது வரவில்லை என்றார். இந்த வருடம் பங்குனி நெருங்கியும் வரவில்லை என்றார். இரண்டு வருடமும் நான் அப்படியே எழுதினேன். அந்தச் சமயத்தில்தான் நடைபாதை நெடுகிலும் உயரமான விளக்குகள் வந்திருந்தன. இரவெல்லாம் எரிகின்றன. மரங்களுக்கு இருட்டே இல்லை. அண்ணன் இரண்டையும் முடிச்சுப் போட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. நடக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பேச்சு வளர்ந்து, விளக்கு விஷயமாக எங்கள் அடுக்ககத்தின் பொது அறையில் அந்த ஞாயிறு மாலை ஒரு கூட்டம் வைத்தார்கள். பூங்காவைப் பயன்படுத்துகிற எல்லோரும் வரலாம். அண்ணன் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியவர் இல்லை. தொழிற்சங்கக் கூட்டத்தில்கூடப் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தவர். பத்து நாட்களாக அவருக்கு அதே நினைப்பு.

அன்று காலை வாயிலில் எனக்காகக் காத்திருந்தார்.

"இன்னா திண்டுக்கல்லு, தூங்கிட்டியா?"

"இல்லண்ணே. பால் காயட்டும்னு இருந்தேன்."

"கல்யாணம் ஆயி இத்தினி வருசம் ஆச்சி, இன்னும் பால் காச்சிகினு கீற" என்று சிரித்தார். உடனே குரலைத் தாழ்த்தி, "சாயங்காலம் பேசறதுக்கு மொத வார்த்த இன்னா சொல்றது? 'பெரியோர்களே'ன்னு ஆரம்பிச்சா நல்லாருக்குமா?" என்றார்.

"வணக்கம்னு சொன்னா போதும்ணே."

"வணக்கம். அப்பால?"

"அப்பறம் நீங்க கேட்டதச் சொல்லுங்க."

அதில் அவருக்குத் திருப்தி. நடக்கத் தொடங்கினோம். தண்ணீரில் ஊசிவால் வாத்துகள் ஒன்றும் இல்லை, போய்விட்டன. தட்டைவாயன் வாத்துகள் ஒரு சிறு கூட்டமாகத் தூரத்தில் இருந்தன. நாமக்கோழிகள் வழக்கம்போல. கூழைக்கடாக்கள் மண்திட்டில் அசையாமல் நின்றன. மரப்பக்கத்திலிருந்து அண்ணன் குயில், செம்போத்து, கிளி, தவிட்டுக்குருவி என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் உரத்த குரல் உள்ளவை என்பது அப்போது என் மனதில் தைக்கவில்லை.

மேற்குக் கரையில் புங்க மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். எங்கள் அடுக்ககத்தில் குடியிருப்பவள். கோயம்புத்தூர்க்காரி, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தை மாதத்திலிருந்துதான் பறவை பார்க்க வருகிறாள். பறவைக் குரலைக் கேட்டு அதன் பெயரைத் திரையில் காட்டும் செயலி ஒன்றை ஃபோனில் வைத்திருந்தாள்.

"சார், இதப் பாருங்க. கதிர்க்குருவின்னு காட்டுதுங்க. மேலதான் எங்கயோ கத்துது" என்று ஃபோனை நீட்டினாள்.

அண்ணன் நின்றார். தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரையே பார்த்தேன். பிறகு கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணியும் இல்லியே."

"இப்பக்கூடக் கத்துச்சுங்களே, சார்."

"அது அணிலும்மா. உன் ஃபோனு நேத்து பொறந்தது. நான் இந்த ஏரில எருமை குளிப்பாட்டின ஆளு. அது சொல்றத கேட்டுகினு கீறியா?"

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் ஃபோனை உடனே பைக்குள் வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கும் ஏதோ ஒரு குரல் கேட்டிருந்தது. மெல்லிய, ஈரக்கண்ணாடியில் விரல் தேய்த்தது போன்ற குரல். அதை நான் பல ஞாயிறுகளில் கேட்டிருக்கிறேன். அணில் என்றுதான் நினைத்திருந்தேன். மரம் என்னுடைய பக்கம் இல்லை என்பதால் அது என்னவென்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. "சரி, போலாம்ணே" என்றேன்.

சுற்றி முடித்து, வாயிலுக்கு எதிரே உள்ள கடையில் டீ குடித்தோம். அண்ணன் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தன் பேச்சை ஒத்திகை பார்த்தார். "வணக்கம். நான் இதே ஊரு. இந்த ஏரில கதிர்க்குருவின்னு ஒரு குருவி. ரெண்டு வருசமா அது வர்ல. லைட்டு வந்ததுலேர்ந்து வர்ல. என் காது பொய் சொல்லாது." கடைசி வாக்கியத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "நல்லாகீதா?"

"நல்லாருக்குண்ணே" என்றேன். அவர் வீட்டுக்குப் போனார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனியில் ஒரு வார்ப்பு சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னாலும், அளவுகருவி வேறு சொன்னால் இரண்டாம் முறை அளக்காமல் நகரமாட்டேன். திரும்பி மேற்குக் கரைக்கே வந்தேன். வெயில் ஏறிவிட்டதால் நடப்பவர்கள் குறைந்திருந்தார்கள். புங்க மரங்கள் பழைய இலையெல்லாம் உதிர்த்துப் புதுத் தளிர் விட்டிருந்தன. வெளிச்சம் பட்டால் கண் கூசும் இளம்பச்சை. அந்தக் குரல் வந்துகொண்டேயிருந்தது. தளிர்களுக்குள் வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு இலை தானாக இடம் மாறியது. பைனாகுலரை அதில் வைத்தேன். கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு. மெல்லிய அலகு திறந்தது, அந்தக் குரல் வந்தது. மறுபடி திறந்தது, மறுபடி வந்தது.

கதிர்க்குருவிதான். பக்கத்து மரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது.

மரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். குருவி வந்திருக்கிறது. போன வருடமும் வந்திருக்கும். நான் கேட்டு, அணில் என்று ஒதுக்கிய குரல் அதனுடையதுதான். "வரவில்லை" என்று எழுதினேன். எனக்கு உண்மையில் தெரிந்திருந்தது, அண்ணன் அதன் குரலைக் கேட்கவில்லை என்பது மட்டும்தான். இன்று மாலை அவர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தன் காது பொய் சொல்லாது என்று சொல்லப் போகிறார். அந்தப் பெண்ணும் அந்தக் கூட்டத்தில் இருப்பாள். அவள் மரியாதை தெரிந்தவள். வேண்டுமென்று எதுவும் செய்யமாட்டாள். ஆனால் யாராவது ஒருவர் ஃபோனை எடுத்துக் காட்டினால் போதும்.

அவரிடம் இதைச் சொல்லாமல் விட முடியாது. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. குருவி வந்திருக்கிறது என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். உங்கள் காது போய்விட்டது என்று நான் யார் சொல்ல?

மதியச் சாப்பாடு முடிந்து, வெயில் சற்றுத் தாழ்ந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே டிவி சத்தம் கேட்டது. அண்ணி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்தினார்.

"யோவ், அந்த டிவிய கொற. பாரிவாக்கம் வரைக்கும் கேக்குது. உன் திண்டுக்கல்லு வந்துகீறாரு பாரு."

உள்ளேயிருந்து பதில் இல்லை. அண்ணி என்னிடம் திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி. குக்கரு விசில் அடிச்சா எத்தினின்னு கேட்டா, 'விசிலா, எப்போ அடிச்சிது'ன்றாரு. நான் வேணும்னு பண்றாருன்னு நெனச்சி ரெண்டு வருசமா சண்ட போட்டுகினு கீறேன்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி?"

"அண்ணன ஏரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன் அண்ணி."

"கூட்டத்துக்கு இன்னும் நேரம் கீதே."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. உள்ளே போய் டிவி முன்னாலிருந்த அண்ணனை எழுப்பி அனுப்பினார். அண்ணன் கூட்டத்துக்காகத் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை இப்போதே போட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பேச்சைப் பற்றியே பேசினார். "பெரியோர்களே" இல்லாமல் மொட்டையாக இருக்கிறது என்றார். நான் ம் போட்டுக்கொண்டு வந்தேன்.

புங்க மரத்தடியில் நின்றோம். குருவி அங்கேயேதான் இருந்தது. குரல் தெளிவாக வந்தது. நான் பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

"எனக்கு எதுக்கு?"

"ஒரு தடவ பாருங்கண்ணே. அந்த ரெண்டாவது கிளை. தளிருக்குப் பக்கத்துல."

சிரித்துக்கொண்டே வாங்கினார். எப்படிப் பிடிப்பது, எங்கே திருகுவது என்று காட்டினேன். சிறிது நேரம் கிளைகளில் தடுமாறினார். பிறகு அவர் கைகள் நின்றன.

"அட, கதிர்க்குருவி" என்றார். குரலில் மகிழ்ச்சி இருந்தது. "வந்துட்ச்சிப்பா. லேட்டா வந்துகீது."

அவர் பைனாகுலரை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சின்ன உடம்பு ஒவ்வொரு குரலுக்கும் அதிர்ந்தது. எனக்குப் பைனாகுலர் இல்லாமலேயே அந்த அசைவு தெரிந்தது. அவருக்குத் தொண்டை இறகு துடிப்பதும் தெரிந்திருக்கும்.

"வாயத் தொறக்குது" என்றார்.

"ஆமாண்ணே."

"மறுபடி தொறக்குது."

"ஆமா."

நேரம் போனது. அவர் பைனாகுலரை இறக்கவில்லை. அப்படியே கேட்டார்.

"கத்துதா?"

"கத்துதுண்ணே."

"இப்பவும்?"

"இப்பவும்."

பைனாகுலரை மெதுவாக என் கையில் கொடுத்தார். உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தூரத்தில் ஒரு குயில் கூவியது. அவர் முகத்தில் அதைக் கேட்ட அடையாளம் தெரிந்தது. எங்கள் தலைக்கு மேலே கதிர்க்குருவி கத்திக்கொண்டிருந்தது. அதற்கு அந்த முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை. கையை இறக்கிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"போன வருசமும் வந்திருக்கும்."

"வந்திருக்கும்ணே."

"காத்தால அந்தப் பொண்ணு ஃபோன காட்னாளே, அது கரீட்டுதான?"

"கரெக்ட்தாண்ணே."

"எருமை குளிப்பாட்டினேன்னு பேசிட்டேன் அவள." பிறகு, நான் கேட்காமலே சொன்னார். "கொட்டாயில வருசா வருசம் காது டெஸ்ட்டு வெப்பாங்க. கண்ணாடி ரூம்ல குந்த வெச்சி, காதுல ஒண்ண மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்குன்னுவாங்க. கண்ணாடிக்கு அந்தாண்ட மிசின திருவறானே, அவன் தோளு லேசா எறங்கும். நான் தோள பாத்து அமுக்கிடுவேன்."

"ஏண்ணே?"

"ஃபெயிலானா கொட்டாய உட்டு ஸ்டோருக்கு மாத்திடுவாங்க. ஸ்டோர்ல எஞ்சின் ஏது?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். நடப்பவர்கள் இரண்டொருவர் அவரைப் பார்த்து, "சாயங்காலம் பேசறீங்களாமே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் தலையசைத்தார்.

"கொஞ்சம் போயிருக்கும்னு தெரியும்பா. குருவி வரைக்கும் போயிருக்கும்னு நெனைக்கல" என்றார்.

"கூட்டத்துக்கு வேணாம்ணே. உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிடறேன்."

"ஒடம்புக்கு இன்னா? நல்லாதான கீது." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் சொல்லிகினு திரிஞ்சது ஊரெல்லாம் போயிட்ச்சி. அத்த நாந்தான் போயி எடுக்கணும்."

பொது அறையில் நாற்காலிகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. முதலில் ஒருவர் விளக்கு வேண்டும் என்று பேசினார். கோயம்புத்தூர்ப் பெண்ணும் பேசினாள். வேலை முடிந்து இருட்டிய பிறகுதான் தனக்கு நடக்க நேரம் கிடைக்கிறது, விளக்கு இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக முடியாது, ஆனால் நடுராத்திரிக்கு மேல் யாருக்காக எரிகிறது என்று தெரியவில்லை என்றாள். பிறகு அண்ணனைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டார்.

"வணக்கம். இந்த ஏரில கதிர்க்குருவி வர்லன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன். லைட்டாலதான்னு சொன்னேன். அது தப்பு. குருவி வந்துகினுதான் கீது. எனக்குதான் கேக்கல."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். கூட்டத்தை நடத்தியவர், "அப்போ லைட்டால பிரச்சனை இல்லங்கறீங்களா?" என்று கேட்டார். அண்ணனுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. என்னைப் பார்த்தார். நான் அருகில் போய் மறுபடி சொன்னேன்.

"அத்த நான் சொல்ல முடியாது" என்றார். "லைட்டு வேணுமா வாணாமான்னு நீங்க பேசி முடிவு பண்ணுங்க. ஆனா என் பேச்ச வெச்சி முடிவு பண்ணாதீங்க." பிறகு அந்தப் பெண்ணிருந்த பக்கம் திரும்பி, "உன் ஃபோனு சொன்னது சரிம்மா" என்றார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டம் எதையும் முடிவு செய்யாமல் கலைந்தது.

வெளியே வந்தபோது அந்தப் பெண் எங்களிடம் வந்தாள். அண்ணன்தான் முதலில் பேசினார். "அடுத்த வாரம் நீயும் வா. ஆனா எங்களோட நடந்தா மெதுவாதான் நடக்கணும். திண்டுக்கல்லு ஒவ்வொரு வாத்துக்கும் நின்னு சலாம் போடுவான்."

"வர்றேனுங்க சார்" என்றாள்.

வீட்டு வாசலில் அண்ணி நின்றிருந்தார். செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "செவ்வாக்கெழம காது டாக்டர பாக்க போலாம். நானும் வரேன்" என்றார், அண்ணனுக்கு நேராக முகத்தை வைத்து, நிறுத்தி நிறுத்தி. அப்படி அவர் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணன் சரி என்றார். என்னைப் பார்த்து, "அது எப்போ கெளம்பும்?" என்று கேட்டார்.

"குருவியா? பங்குனி முடியறதுக்குள்ள போயிடும்ணே."

"ஆமா. போயிடும்" என்று உள்ளே போனார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைய பக்கத்தை எழுதினேன். தட்டைவாயன், நாமக்கோழி, கூழைக்கடா. மரப்பக்கத்தில் அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். அவற்றின் கீழே கதிர்க்குருவி, இரண்டு, மேற்குக் கரை என்று எழுதினேன். இரண்டு வருடத்துப் பக்கங்களையும் எடுத்து, "வரவில்லை" என்பதை ஒரு கோட்டால் அடித்து, "கேட்கவில்லை" என்று மேலே எழுதினேன். மனைவி என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். "அவரு இனிமே ஏரிக்கு வருவாராங்க?" என்றாள்.

மறுநாள் திங்கள். திங்கட்கிழமைகளில் நான் ஏரிக்குப் போவதில்லை. கம்பெனிப் பேருந்து சீக்கிரம் வந்துவிடும். அன்று விடிந்ததும் வேறு எதையும் தொடாமல் பைனாகுலரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அண்ணன் புங்க மரத்தடியில் நின்றிருந்தார். கையை நீட்டிப் பைனாகுலரை வாங்கிக்கொண்டார். "நீ என் பின்னாடி நில்லு. எந்தப் பக்கம் கத்துதோ அந்தப் பக்கம் தோள தட்டு" என்றார். அவருக்குப் பின்னால் போய் நின்று இரண்டு தோள்களிலும் கைகளை வைத்துக்கொண்டேன். சிறிது நேரம் தவிட்டுக்குருவிகளின் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு அது கத்தியது. அவருடைய இடது தோளைத் தட்டினேன்.